பம்பரை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? பழைய கார் பிரியர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய காரின் பம்பரைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் குரோம் முலாமைத்தான் பார்ப்பார்கள். கீறல் இருக்கிறதா, துரு எட்டிப் பார்க்கிறதா, முகம் தெரிகிற அளவுக்கு மின்னுகிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பம்பர் எந்த ஆண்டுக்குரியது, எந்த நாட்டில் விற்பதற்காகச் செய்யப்பட்டது, உங்கள் காரில் பொருந்துமா என்ற கேள்விகளுக்கு முன்பக்கத்தில் பதில் கிடைக்காது. குனிந்து, பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பம்பரைக் காரோடு இணைக்கும் பிராக்கெட்டுகளிலும் போல்ட்டுகளிலும்தான் விஷயம் இருக்கிறது. முலாம் போனால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். பிராக்கெட் வேறு ஆண்டுக்குரியதாக இருந்தால் அந்தப் பம்பரைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கத்தான் முடியும்.

ஒரே பெயர், ஒரே உருவம் கொண்ட கார்களில்கூட இந்த இணைப்பு ஏன் மாறுகிறது? இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனரிலிருந்து தொடங்கலாம். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எல்லாம் முடிந்து உற்பத்தி தொடங்கவிருந்த நேரத்தில், கார் ஒல்லியாக இருக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது அவர் கண்ணுக்குச் சரியாகப் பட்டது. மைனரின் பானட் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம்தான்.

இதில் ஒரு சங்கடம். பழைய அகலத்துக்கான பம்பர்கள் ஏற்கெனவே செய்து அடுக்கப்பட்டிருந்தன. போர் முடிந்து எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் என்பதால் அவற்றைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. நடுவில் அறுத்து, 4 அங்குலத் துண்டு ஒன்றை இடையில் வைத்து, போல்ட் போட்டு இணைத்துவிட்டார்கள். தொடக்ககால மைனர்கள் அந்த ஒட்டுப் பம்பரோடுதான் விற்பனைக்கு வந்தன. இன்று அப்படியொரு மைனர் உங்களிடம் வந்து, யாரோ பட்டறையில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரே துண்டான பம்பரை வாங்கி மாட்டினால், தொழிற்சாலை செய்த வேலையையே அழித்துவிட்டீர்கள் என்று பொருள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் தேடி அலைவது அந்த ஒட்டைத்தான்.

சேஸிஸா, பாடியா?

பம்பர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பழைய கார்களில் ஒரு பகுதி, தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மீது பாடியை ஏற்றிவைத்துச் செய்யப்பட்டவை. மற்றவற்றில் பாடியே சேஸிஸின் வேலையையும் செய்துவிடும்.

தனிச் சேஸிஸ் கொண்ட கார்களில் பம்பர் பொதுவாகச் சேஸிஸின் நுனியில் இணைக்கப்படும். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ இதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தட்டையான ஸ்பிரிங் எஃகுப் பட்டைகள். நடுவிலும் நுனிகளிலும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்புகள். பின்னால் சேஸிஸுக்குப் போகும் கைகள். இங்கே பம்பரே ஸ்பிரிங்காகவும் இருக்கிறது. மெதுவாக எதிலாவது முட்டினால் பட்டை உள்ளே வளைந்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். 1950களில் பம்பர் அலங்காரப் பொருளாகிவிட்டது. தடித்த எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, வளைவும் நெளிவும் கொடுத்து, குரோம் பூசி மாட்டினார்கள். பார்க்கக் கம்பீரம்தான். வளைந்து கொடுக்கிற குணம் மட்டும் போய்விட்டது. வாங்கிய இடி பிராக்கெட் வழியாக நேராகச் சேஸிஸின் நுனிக்குப் போனது.

தனிச் சேஸிஸ் கார்களில் புதியவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே ரப்பர் அட்டைகள் இருக்கும். பம்பர் சேஸிஸைச் சேர்ந்தது, மட்கார்டு பாடியைச் சேர்ந்தது. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்த ரப்பர் நசுங்கிப்போனால் பாடி கீழே இறங்கும். பம்பர் இருந்த இடத்திலேயே இருக்கும். பார்ப்பவருக்குப் பம்பர் மேலே ஏறிவிட்டதாகத் தோன்றும். ஒரு பக்க ரப்பர் மட்டும் நசுங்கியிருந்தால் பம்பர் கோணலாகத் தெரியும். பம்பர் பிராக்கெட்டை அடித்து வளைத்து நேராக்க முயல்கிறவர்கள் பலர். முதலில் பார்க்க வேண்டியது அந்த ரப்பர் அட்டைகளை. 1955 முதல் 1957 வரையிலான செவ்ரோலே கார்களுக்கும் இது பொருந்தும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பொருந்தும். இரண்டுமே தனிச் சேஸிஸ் கார்கள்.

பாடியோடு இணையும் பம்பருக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நல்ல பாடம். பீட்டிலின் தரைத்தட்டு தனி, அதன் மேல் பாடி தனி. ஆனாலும் பம்பர் பிராக்கெட்டுகள் பாடியில்தான் முடுக்கப்படுகின்றன. அவை மட்கார்டில் உள்ள துவாரத்தின் வழியே வெளியே வந்து பம்பரைப் பிடிக்கும். இதனால் பம்பரின் உயரம் மாறினால் துவாரமும் இடம் மாற வேண்டும், துவாரம் மாறினால் மட்கார்டும் மாற வேண்டும்.

அதுதான் நடந்தது. 1967 ஆகஸ்டில், அதாவது 1968 மாடலுக்காக, வளைந்த மெல்லிய பம்பர் போய், நேரான, கனத்த பம்பர் முன்பைவிட உயரத்தில் வந்தது. பம்பர் மேலே ஏறியதும் முன்மூடியும் என்ஜின் மூடியும் அதில் இடிக்காமல் திறக்க வேண்டுமே! இரண்டையும் குட்டையாக்கினார்கள். ஒரு பம்பர் மாறியதற்கு மட்கார்டு, இரண்டு மூடிகள், பிராக்கெட்டுகள் என்று காரின் இரு முனைகளும் மாறிவிட்டன. 1965 பீட்டிலுக்கு 1970 பம்பரை வாங்கினால் போதும் என்று நினைக்கிறவர் உண்மையில் என்னென்ன வாங்க வேண்டியிருக்கும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1973: சட்டம் உள்ளே வந்த ஆண்டு

இதுவரை சொன்ன மாற்றங்கள் எல்லாம் தயாரிப்பாளர்கள் தாமாகச் செய்தவை. 1970களில் வந்த பெரிய மாற்றத்தை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. 1972 செப்டம்பர் 1 முதல், அதாவது 1973 மாடல் கார்களுக்கு, 215ஆம் எண் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் 2.5 மைல் வேகத்திலும் தடுப்பில் மோதினால், விளக்குகள், எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்பு தொடர்பான பாகங்கள் சேதமடையக் கூடாது. 1974 மாடலுக்குப் பின்பக்கமும் 5 மைல் என்றானது. மூலைகளில் விழும் இடிக்கும் சோதனை வந்தது. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் வாங்கும் இடியைப் பம்பர் சமாளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

5 மைல் என்பது மணிக்கு 8 கிலோமீட்டர். நடையைவிடச் சற்று வேகம், அவ்வளவுதான். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோ எடையுள்ள கார் 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,700 ஜூல். இறுக்கமாக முடுக்கப்பட்ட பம்பர் 1 சென்டிமீட்டர் மட்டுமே உள்ளே போகுமானால், அந்தத் தூரத்துக்குள் காரை நிறுத்தத் தேவைப்படும் சராசரி விசை சுமார் 37 டன் எடைக்குச் சமம். பிராக்கெட்டும் அதன் பின்னால் உள்ள தகடும் தாங்காது. அதே பம்பர் 6 சென்டிமீட்டர் உள்ளே போக இடம் கொடுத்தால் விசை 6 டன்னுக்கு இறங்கிவிடும். 1973க்குப் பின் அமெரிக்கக் கார்களின் பம்பர்கள் பாடியை விட்டு ஏன் அப்படித் துருத்திக்கொண்டு நிற்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. உள்ளே போவதற்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியைத்தான் வெளியிலிருந்து நாம் அசிங்கம் என்கிறோம்.

வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் பின்பக்கத்துக்கு 2.5 மைல் போதும் என்ற சலுகை அதனால் சின்னச் சலுகை அல்ல. 1973 செவ்ரோலே கார்வெட்டைப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். முன்பக்கம் பாடியின் நிறத்திலேயே யூரித்தேன் என்ற வளையும் பிளாஸ்டிக்கால் செய்த மூக்கு, பின்பக்கம் பழையபடி குரோம் பம்பர். அந்த ஓராண்டு மட்டும்தான் இந்தக் கலவை. 1974இல் பின்பக்கச் சலுகை போனதும் பின் குரோமும் போய்விட்டது. அந்த 1973 மூக்குக்குள் இருக்கும் வேலைப்பாடு எனக்குப் பிடித்தமானது. யூரித்தேனுக்குப் பின்னால் ஓர் எஃகுக் குழாய், அதைச் சேஸிஸோடு இணைக்கும் இரண்டு சிறப்பு போல்ட்டுகள். இடி விழுந்தால் ஓர் அச்சு அந்த போல்ட்டின் நீளத்தில் வலுக்கட்டாயமாகத் தள்ளப்படும். உலோகத்தை அப்படி உருமாற்றுவதில் இடியின் ஆற்றல் செலவாகிவிடும். ஒருமுறை வேலை செய்த போல்ட் மறுமுறைக்கு உதவாது, புதிதுதான் போட வேண்டும்.

ஒரே விதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி கண்டது. கிரைஸ்லர் தன் கார்கள் பலவற்றில் முதல் ஆண்டைப் பெரிய ரப்பர் கட்டைகளை வைத்தே ஒப்பேற்றிவிட்டது. ஃபோர்டு, எஃகுத் தகடுகளுக்கு இடையே ரப்பரை ஒட்டி, இடியின்போது அந்த ரப்பர் இழுபட்டுத் திரும்புமாறு செய்தது. 1974 செவ்ரோலே கமாரோவில் அலுமினியப் பம்பருக்குப் பின்னால் தட்டையான ஸ்பிரிங் பட்டைகள் வந்தன. மாடல் ஏ காலத்து யோசனை வேறு உருவில் திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்கள் பலவற்றில் பயன்படுத்திய எண்ணெய்–வாயு உருளையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்கக் கார் வாங்குபவர் இதை எப்படியும் சந்திப்பார். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். ஒரு நுனி சேஸிஸில், மறுநுனி பம்பரில். உள்ளே எண்ணெயும், அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயுவும் இருக்கும். பம்பர் தள்ளப்பட்டதும் எண்ணெய் ஒரு சிறு துவாரத்தின் வழியே பிதுங்கி வெளியேற வேண்டும். மருந்து ஊசிக்குழாயின் முனையை விரலால் பாதி அடைத்துக்கொண்டு அழுத்தினால் எவ்வளவு முரண்டு பிடிக்குமோ, அப்படி அது எதிர்க்கும். இடி முடிந்ததும் அமுங்கிய வாயு விரிந்து பம்பரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும்.

இந்த உருளையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இதை வெறும் பிராக்கெட் என்று நினைத்து வெல்டிங் வைப்பதும், இறுகிய போல்ட்டைக் கழற்றுவதற்காகத் தீயால் சூடாக்குவதும் ஆபத்து. உள்ளே அடைபட்ட வாயு சூட்டில் விரிந்து உருளை வெடித்துத் தெறிக்கலாம். பம்பர் ஒரு பக்கம் உள்ளே போய், துருவால் அங்கேயே சிக்கி நின்றிருந்தால் இன்னும் கவனம் தேவை. அழுத்தம் உள்ளேயே காத்திருக்கிறது. பம்பரைச் சங்கிலியால் காரோடு கட்டாமல், அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு போல்ட்டைக் கழற்றக் கூடாது. எண்ணெய் கசிந்திருக்கும் உருளையைப் பழுதுபார்க்க முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது.

ஐரோப்பாவிலிருந்து போன கார்கள்

அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த ஐரோப்பிய நிறுவனங்களின் பாடு இதைவிடக் கடினம். கார் ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டு, விற்றுக்கொண்டிருந்தது. அதன் இரு முனைகளிலும் புதிய சட்டத்தை எப்படியாவது மாட்டியாக வேண்டும்.

பிஎம்டபிள்யூ 2002இன் 1974 அமெரிக்க மாடல், ஐரோப்பிய மாடலைவிட 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கார் வளரவில்லை, பம்பர்கள்தான் எண்ணெய் உருளைகளின் மேல் எட்டி நிற்கின்றன. மெர்சிடிஸின் 107 வரிசைத் திறந்த கார்களுக்கும் இதே கதை. இவற்றின் அமெரிக்கப் பம்பரைக் கழற்றிவிட்டு மெல்லிய ஐரோப்பியப் பம்பரைப் போட விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அழகு கூடுகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பம்பரை மட்டும் வாங்கினால் வேலை நடக்காது. ஐரோப்பியக் காருக்குரிய பிராக்கெட்டுகளும் வேண்டும், அமெரிக்க உருளைகள் வெளியே வந்த இடங்களை மூடவும் வேண்டும். விளம்பரத்தில் மலிவாகக் கிடைக்கும் ஐரோப்பியப் பம்பரில் பிராக்கெட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது மலிவு இல்லை.

இந்தச் சிக்கலை மிக நேர்த்தியாகத் தீர்த்தது போர்ஷே என்பது என் கருத்து. 1974 மாடல் 911இல் அலுமினியப் பம்பர் பாடியைவிட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த இடைவெளியை இரு பக்கமும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் மூடியிருக்கும். அமெரிக்காவுக்குப் போன கார்களில் பம்பருக்குப் பின்னால் எண்ணெய் உருளைகள். மற்ற நாடுகளுக்குப் போனவற்றில் பொதுவாக நசுங்கும் குழாய்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இடித்த பிறகுதான் வேறுபாடு தெரியும். உருளை பம்பரைத் திருப்பி வெளியே தள்ளும். குழாய் நசுங்கியது நசுங்கியதுதான், புதுக் குழாய் போட வேண்டும். பழைய 911 வாங்கப் போனால் இடது, வலது ரப்பர் மடிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்க மடிப்பு அதிகம் நெருங்கியிருந்தால் அந்த மூலை எப்போதோ எதிலோ முட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர் எதிர் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு 1974 பிற்பகுதியில் கனத்த கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. ரப்பர் என்று பேச்சில் சொல்கிறோம், உண்மையில் அது எஃகுச் சட்டத்தின் மேல் வார்த்த பாலியூரித்தேன். அமெரிக்க உயர விதிக்காகக் காரையே ஏறத்தாழ ஓர் அங்குலம் தூக்கினார்கள். மெல்லிய பம்பர் சட்டப்படி செல்லுபடியாகும் உள்நாட்டிலும் இதே பம்பர்தான் விற்கப்பட்டது. ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள்; எடை கூடி, உயரம் ஏறிய கார் திருப்பங்களில் சாய்ந்தது.

அதனால் எம்ஜிபி வைத்திருக்கும் பலருக்கு ரப்பர் பம்பரைக் கழற்றிக் குரோம் போடும் ஆசை உண்டு. போல்ட் கழற்றிப் போல்ட் மாட்டும் வேலை அல்ல அது. ரப்பர் பம்பருக்காகவே முன் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியும், பம்பருக்கு அடியில் வரும் தகடும், பின் மூலைகளும் மாற்றப்பட்டிருக்கின்றன. குரோம் பம்பர் அந்த வெற்றிடங்களை மூடாது. வெட்டி, வெல்டிங் வைத்து, வண்ணம் பூச வேண்டும். முடித்த பிறகும் கார் ஓர் அங்குலம் உயரமாகவே நிற்கும், அதை இறக்குவது தனி வேலை. பொறுமையும் பணமும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் கறுப்புப் பம்பர் எம்ஜிபியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெயிலில் வெளுத்த ரப்பரைச் சுத்தம் செய்து கறுப்பேற்றினாலே பாதி அழகு திரும்பிவிடும்.

1982இல் அமெரிக்கா தன் விதியைத் தளர்த்தி முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் 2.5 மைல் என்று குறைத்துவிட்டது. அதற்குள் பிளாஸ்டிக் உறையும், உள்ளே நுரையும் கொண்ட இன்றைய பாணி பரவத் தொடங்கியிருந்தது. துருத்திய பம்பர்களின் காலம் பத்து ஆண்டுகளில் முடிந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டுக் கார்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

முதல்முறை பம்பரில் கைவைக்கிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கழற்றும் முன் பம்பருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை நான்கைந்து இடங்களில் அளந்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் சொருகியிருந்தால் அவை குப்பை அல்ல. தொழிற்சாலையில் அந்தக் காருக்கென்று அளவு பார்த்து வைத்தவையாக இருக்கலாம். எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று எழுதிவையுங்கள். இடது, வலது பிராக்கெட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் துவாரங்களின் இடமோ வளைவோ மாறியிருக்கும். கழற்றிய கையோடு அடையாளமிட்டுவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை.

பழைய குரோம் பம்பர்களின் முகப்பில் தெரியும் உருண்டைத் தலை போல்ட்டுகளைக் கவனியுங்கள். தலைக்கு அடியில் ஒரு சதுரக் கழுத்து இருக்கும். பம்பரின் சதுரத் துவாரத்தில் அது உட்கார்ந்துகொள்வதால், பின்னால் நட்டைத் திருகும்போது போல்ட் கூடவே சுற்றாது. துருப்பிடித்து அந்தச் சதுரம் தேய்ந்துவிட்டால் நட்டோடு போல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், கழன்றுவராது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவைப்பது நல்லது. அப்படியும் வரவில்லையென்றால் நட்டைப் பின்புறமிருந்து வெட்டிவிடலாம். முன்புறத் தலையைக் குறடால் பிடித்துத் திருகினால் முலாம் உரிந்துவிடும்.

பிராக்கெட்டுகளில் துவாரங்கள் பெரும்பாலும் வட்டமாக இராமல் நீளமாக இருக்கும். பம்பரை மேலும் கீழும், உள்ளும் வெளியும் நகர்த்திச் சரிசெய்வதற்காகவே அப்படி. எனவே எந்த நட்டையும் உடனே முழுதாக முடுக்காதீர்கள். எல்லாவற்றையும் பாதி முடுக்கி, காரைச் சமதரையில் சக்கரங்களின் மேல் நிறுத்தி, இரு முனைகளின் உயரத்தையும் அளந்து, ஒருவர் நகர்த்த மற்றவர் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பம்பர் பாடியை எங்கேயும் தொடக் கூடாது. தொட்டால் ஓட்டத்தின் அதிர்வில் முதலில் வண்ணம் போகும், பிறகு அங்கேயே துரு தொடங்கும். முன்பக்க வேலையென்றால் பானட்டையும் பின்பக்கமென்றால் டிக்கியையும் முழுதாகத் திறந்து மூடிப் பார்த்த பிறகு கடைசியாக நட்டுகளை இறுக்கிவிடலாம்.